ட்ரோனுக்குக் கை முளைத்தால் நமக்கு என்ன?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த நமது பேரவைச் செயலாளர், "டெக்னிக்கலா ஏதாவது எழுது, ஆனா படிக்கிற மாதிரி எழுது" என்று ஒரு கண்டிஷன் போட்டுவிட்டுப் போனார். கவிதைப் பக்கங்களையும் குரூப் போட்டோ பக்கங்களையும் தாண்டி இங்கே வந்து நிற்கிற உங்களுக்கு என் முதல் வணக்கம்.

ட்ரோன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்யாண மண்டபத்து வாசலில் 'கொய்ங்'கென்று பறந்து மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்கிற கேமரா. கொஞ்ச வருஷமாக வயலில் மருந்து தெளிக்கிற பெரிய ட்ரோன்களையும் பார்க்கிறோம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் தருகிற திட்டத்துக்கு மத்திய அரசு 2023-ல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் இவை எல்லாமே தூர நின்று வேலை பார்ப்பவை. பார்க்கும், படமெடுக்கும், தெளிக்கும். எதையும் தொடாது. தொட்டால் தொபுக்கடீர் என்று கீழே விழும்!

நான் சொல்ல வந்தது தொடுகிற ட்ரோனைப் பற்றி. சுவரை அழுத்துகிற, கம்பியைப் பிடிக்கிற, கல்லை எடுத்து வைக்கிற, கை முளைத்த ட்ரோன்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உயரத்தில் தொங்கிக்கொண்டு மனிதன் செய்கிற ஆபத்தான வேலைகளில், முதல் ஏற்றத்தை இந்த ட்ரோன்களிடம் விட்டுவிட வேண்டும். அதை இயக்குகிற வேலை, இன்றைக்கு மேலே ஏறுகிற அதே தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். அந்தக் கையை வடிவமைத்துச் செய்கிற வேலையை நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் இந்த விஞ்ஞானத்தால் நமக்கு லாபம்.

இது கற்பனையா?

"சினிமாவுல வேணா நடக்கும்" என்று சிரிக்காதீர்கள். உலகத்தில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

2011-12-ல் பிரான்ஸ் நாட்டின் ஓர்லியான் நகரில் ஒரு கண்காட்சி. நான்கு சின்ன ட்ரோன்கள் சுமார் 1,500 நுரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, 6 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்தன. செய்தவர்கள் சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபேல்லோ டி'ஆண்ட்ரியாவும், கிரமாசியோ-கோலர் என்ற கட்டடக்கலை வல்லுநர்களும். அதே பல்கலைக்கழகத்தில் 2015-ல் ட்ரோன்களே கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, 7.4 மீட்டர் நீளத்துக்குத் தொங்குபாலம் கட்டின. அதன்மேல் மனிதன் நடந்தும் காட்டினான்!

2017-ல் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் மின்கம்பியில் சிக்கிய குப்பையை எரித்துத் தள்ள, தீ உமிழும் ட்ரோனை அனுப்பினார்கள். 2022-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிர்கோ கோவாச் தலைமையிலான குழு, பறந்துகொண்டே அடுக்கடுக்காகப் பொருளைப் பிழிந்து கட்டுகிற ட்ரோன்களை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. நுரைப் பொருளில் 2.05 மீட்டர் உயர உருளை ஒன்றை எழுப்பிக் காட்டினார்கள். குளவி மண் கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி.

இவையெல்லாம் காட்சிக்கு வைத்த வேலைகள் என்று வைத்துக்கொண்டாலும், பிழைப்புக்கான வேலைக்கும் ட்ரோன் வந்துவிட்டது. ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, 2015 முதல் 2019 வரை 'ஏரோஆர்ம்ஸ்' என்ற ஐரோப்பியத் திட்டம் நடந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் உயரமான குழாய்களில் போய் ஒட்டிக்கொண்டு, உலோகத்தின் கனத்தை அளக்கிற ட்ரோன்களை உருவாக்குவதுதான் நோக்கம். சுவிட்சர்லாந்தின் வோலிரோ நிறுவனம் இப்படிப்பட்ட அளவீட்டு ட்ரோன்களை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனம் மின்சாரம் ஓடும் கம்பியின் மேலேயே போய் உட்காருகிற ட்ரோனை உருவாக்கியது. அலுமினியக் கம்பிக்குள்ளே இருக்கும் எஃகு இழைகளின் துத்தநாகப் பூச்சு அரித்துவிட்டதா என்று அது பார்த்துச் சொல்லும். நம் எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஏ.சி.எஸ்.ஆர். கண்டக்டர் என்றால் உடனே புரிந்துவிடும்.

கனம் அளப்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டேங்க்கோ, குழாயோ உள்ளே துருப்பிடித்து மெலிந்தால் வெளியே தெரியாது. போட்டோ எடுத்தால் பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். அல்ட்ராசோனிக் முனையைப் பசை தடவித் தகட்டில் அழுத்த வேண்டும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் போகும். 10 மில்லிமீட்டர் தகட்டில் போய்த் திரும்ப ஏறக்குறைய 3.4 மைக்ரோ செகண்ட். அந்த நேரத்தை அளந்து கனத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தொடாமல் இது நடக்காது. இன்றைக்கு இதற்காகத்தான் சாரம் கட்டியோ கயிற்றில் தொங்கியோ மனிதன் மேலே போகிறான்.

கை வைப்பதில் என்ன கஷ்டம்?

"ட்ரோன்ல ஒரு சர்வோ கையை ஃபிட் பண்ணிட்டா முடிஞ்சுதே" என்று என் பெஞ்சு நண்பன் சொன்னான். அங்கேதான் சிக்கலே இருக்கிறது. முதல் வருஷம் "இதெல்லாம் எதுக்குடா படிக்கிறோம்" என்று திட்டிக்கொண்டே படித்த மெக்கானிக்ஸ் பாடம் இங்கே உயிரோடு எழுந்து வருகிறது.

நியூட்டனின் மூன்றாம் விதியை எடுத்துக்கொள்வோம். நாம் சுவரைத் தள்ளினால் சுவர் நம்மைத் தள்ளும். நமக்குக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது. ட்ரோனுக்கு ஊன்ற என்ன இருக்கிறது? வெறும் காற்று! சாதாரண நான்கு விசிறி ட்ரோன் பக்கவாட்டில் தள்ள வேண்டுமானால் உடம்பைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். 6 கிலோ ட்ரோன் 20 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் நின்றால், பக்கவாட்டு விசை 6 × 9.81 × டேன் 20. அதாவது சுமார் 21 நியூட்டன். இரண்டு கிலோ சர்க்கரைப் பையைத் தூக்குகிற பலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் அதன் தள்ளு பலம். இதனால்தான் வோலிரோ மாதிரி ட்ரோன்களில் விசிறிகளே திரும்புகிற மாதிரி வைத்தார்கள். உடம்பு நேராக இருக்கும், விசிறி மட்டும் சாயும்.

அடுத்தது புவியீர்ப்பு மையம். அரைக் கிலோ எடையை 60 சென்டிமீட்டர் கையில் நீட்டிப் பிடித்தால் 0.5 × 9.81 × 0.6, ஏறக்குறைய 2.9 நியூட்டன் மீட்டர் முறுக்கு. மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி முன்னும் பின்னும் விசிறி இருந்தால், முன் விசிறி 3.7 நியூட்டன் கூடுதலாகவும் பின் விசிறி 3.7 நியூட்டன் குறைவாகவும் தள்ள வேண்டும். கையை மடக்கும்போது இந்தக் கணக்கு மாறும். எடுத்த பொருளை வைத்துவிட்டால் சட்டென்று மறுபடி மாறும். இதை எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் கணக்குப் போட்டு விசிறிகளைத் திருத்த வேண்டும்.

எடை இன்னொரு எமன். அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி, எடையின் ஒன்றரை அடுக்குக்கு ஏறும். அதே விசிறிகளோடு எடை இரண்டு மடங்கானால் சக்தி சுமார் 2.8 மடங்கு வேண்டும். பேட்டரி பாவம், என்ன செய்யும்? போதாததற்கு, சுவருக்கும் கூரைக்கும் பக்கத்தில் போனால் காற்றோட்டமே மாறிவிடும். கூரைக்கு மிக அருகில் போன ட்ரோனை அந்தக் காற்றோட்டமே மேலே இழுத்துக்கொள்ளும்.

ஆகவே எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். தொட்டு அளக்கும், துடைக்கும், பெயின்ட் அடிக்கும், சின்னப் பொருளை மாட்டும். ஆனால் டவரில் ஒரு எம்16 போல்ட்டை முழுசாக முறுக்க 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வேண்டும். பறந்துகொண்டே அந்த முறுக்கைக் கொடுக்கப் போனால் போல்ட்டுக்குப் பதில் ட்ரோன்தான் சுற்றும்!

இதற்கு வழி மரங்கொத்தியிடம் இருக்கிறது. அது பறந்துகொண்டே கொத்துவதில்லை. நகத்தால் மரத்தைப் பிடித்து, வாலை முட்டுக் கொடுத்துக்கொண்டு கொத்துகிறது. ட்ரோனும் டவரின் ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு, விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தால் எதிர்விசையை டவர் தாங்கிக்கொள்ளும். பேட்டரியும் மிச்சம். அந்தப் பிடியைச் செய்வது யார் வேலை? லிங்க், கியர், ஸ்பிரிங், பூட்டு... எல்லாம் நம் வொர்க்‌ஷாப் சமாச்சாரம் தோழர்களே!

சித்தப்பா கேட்ட கேள்வி

என் சித்தப்பா தூத்துக்குடியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. டேங்க், புகைபோக்கி, உயரமான இரும்புச் சட்டம் எல்லாவற்றிலும் கயிற்றில் தொங்கி, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர். கூடவே வேலை பார்த்த ஒருவர் சில வருஷங்களுக்கு முன் மேலிருந்து விழுந்து, உயிர் பிழைத்தாலும் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டார். அந்த வீட்டுக்கு என்ன நஷ்ட ஈடு வந்தது என்று கேட்டால் சித்தப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

போன பொங்கல் லீவில் இந்த ட்ரோன் விஷயத்தை அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"ஏலே, நீ சொல்லுத மிசினு நல்ல மிசினுதான். ஆனா மேல ஏறுதவனுக்குத்தாம்லே நாள் கூலி கூட. மிசினு ஏறிட்டா, கீழ நிக்க எனக்கு அந்தக் கூலிய யாரு தருவா?"

"மிசினை ஓட்டுறதுக்கு ஆள் வேணும்லா சித்தப்பா" என்றேன்.

"ஓட்டுறதுக்குப் படிச்ச பையன் வருவான். நான் ஊருக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு "விஞ்ஞானம் வளர்கிறது, வாழ்க விஞ்ஞானம்" என்று கட்டுரையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. உயிருக்கு ஆபத்து என்பதால்தான் அந்த வேலைக்குக் கூலி கூடுதல். ஆபத்தை எடுத்துவிட்டு அதோடு கூலியையும் எடுத்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்தது உதவியா?

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழுக்குத் தகுதி என்ன தெரியுமா? 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்பு பாஸ், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி. டிகிரி வேண்டாம், டிப்ளமோகூட வேண்டாம். என் சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இருபது வருஷமாக அந்த டேங்குகளைக் கையால் தடவிப் பார்த்தவர். எந்த வெல்டிங் ஓரத்தில் முதலில் துரு ஏறும், கடல் காற்று எந்தப் பக்கம் அதிகம் அரிக்கும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். எந்த இடத்தில் முனையை வைத்து அளக்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? பயிற்சிக் கட்டணத்தை முதலாளி கட்ட வேண்டும், பழைய கூலி குறையக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். நாளைக்கு சூப்பர்வைசராகப் போகிற நாமும் கேட்க வேண்டும்.

கயிறு மலிவு, மனிதனும் மலிவா?

இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். ட்ரோன் இருந்தால் மட்டும் போதாது. நம் நாட்டில் ஒரு ஆளை மேலே ஏற்றுவதற்கு ஆகிற செலவு, நல்ல ட்ரோன் ஒன்றின் பேட்டரி விலைக்கு முன்னால் அற்பம். கான்ட்ராக்டர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

சாக்கடைக் குழி விஷயத்தையே பாருங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைக் குழிக்குள் இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதற்குத் தடை போட்டு 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. 2018-ல் கேரளத்தில் 'பாண்டிகூட்' என்ற ரோபோ மேன்ஹோலுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. சட்டமும் இருக்கிறது, மிஷினும் இருக்கிறது. ஆனாலும் விஷவாயு தாக்கிச் செத்தார்கள் என்ற செய்தி நின்றபாடில்லை. உயர வேலைக்கும் அதே கதி வரக்கூடாது என்றால், டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆய்வுக்கும் அளவீட்டுக்கும் முதலில் கருவி ஏற வேண்டும், பழுது உறுதியான இடத்துக்கு மட்டும், முழுப் பாதுகாப்போடு மனிதன் ஏறலாம். பொதுத்துறை, மின்வாரியம், துறைமுகம் போன்ற பெரிய இடங்கள் இதைத் தொடங்கினால் மற்றவர்களும் வழிக்கு வருவார்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை இறக்கைகளை நம்பி எத்தனை பேர் கயிற்றில் தொங்குகிறார்கள் என்பதை அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற நாகர்கோவில் நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கடைசி செமஸ்டரில் நம்மில் பலர் ப்ராஜெக்ட் எப்படிச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகிறோம். நாலு பேர் காசு போடுகிறோம். போன வருஷ மாடலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ரிப்போர்ட்டும் பைண்ட் பண்ணித் தருகிறார்கள். வைவாவில் "இந்த மோட்டார் எத்தனை ஆர்.பி.எம்.?" என்று கேட்டால் விழிக்கிறோம். இப்படிப் படித்துவிட்டு வெளியே போனால், ட்ரோனுக்குக் கை செய்ய வேறு யாரோதான் வருவார்கள். நாம் அதைத் துடைத்து வைக்கிற வேலைக்குத்தான் போவோம்.

அதனால் நமது பேரவைக்கும், மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று: அடுத்த ஆண்டு இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் மாணவர்கள் சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட் செய்ய அனுமதி வேண்டும். கையை ஒரு துறை, மோட்டாரை ஒரு துறை, கன்ட்ரோலை ஒரு துறை செய்யட்டும். தனித்தனியாகச் செய்தால் இது ஒருநாளும் முடியாது.

இரண்டு: இலக்கு சின்னதாக இருக்கட்டும். நம் கல்லூரி வளாகத்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகிற இரும்புக் குழாயில் ஒரு முனையைப் பத்து விநாடி ஆடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். முதலில் பறக்கவே வேண்டாம். சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, தராசு வைத்து அழுத்த விசையை அளப்போம். கணக்கும் தராசும் ஒத்துப்போன பிறகு விசிறியைச் சுழற்றுவோம்.

மூன்று: "பெர்மிஷன் கிடைக்காது" என்ற சாக்கு வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம், பசுமை மண்டலத்தில் உள்ள தன் வளாகத்துக்குள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால், பைலட் சான்றிதழோ பதிவு எண்ணோ தேவையில்லை என்று அதே 2021 விதிகள் விலக்குக் கொடுத்திருக்கின்றன. நம் வளாகம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்ப்பது அரை மணி நேர வேலை. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் அதை முதலில் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தோடு ஒரு ஆசையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கும் நாளில், நம் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் கயிற்றில் ஏறுகிற தொழிலாளி ஒருவரையும் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். "தம்பி, இது காத்துக்கு நிக்காது", "இந்த இடத்துல பிடி கிடைக்காது" என்று அவர் சொல்லுவார். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத மதிப்பெண் அது.

தோழர்களே! வெளிநாட்டில் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கியது இன்று விலைக்கு வந்துவிட்டது. நாளை நம் ஊர் ஆலைகளுக்கும் வரும். பெட்டியில் அடைத்து வந்த பிறகு அதைப் பிரித்து மாட்டுகிறவர்களாக நாம் இருக்கப் போகிறோமா, அதைச் செய்தவர்களாக இருக்கப் போகிறோமா? இந்த மலரை மூடி வைத்த பிறகு இரண்டு பேராவது வொர்க்‌ஷாப் வாசலில் வந்து "வா, ஆரம்பிப்போம்" என்று சொன்னால் போதும். மாலை நாலரை மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.